சப்பிச் சொன்ன பதில்

பிறந்த குழந்தைக்குக் காது கேட்காது என்று 1882இல் எழுதினார் ஜெர்மானிய உடலியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பிரையர். நடுச்செவியில் இன்னும் காற்றுப் புகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு ஐந்தாண்டு முன்பே டார்வின் தம் மூத்த மகனைப் பற்றிய பழைய குறிப்புகளை வெளியிட்டிருந்தார். ஓசைக்குத் திடுக்கிடும் பிள்ளைக்கு, அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது 124ஆம் நாளிலும் எளிதில் பிடிபடவில்லையாம். இருவரும் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் சத்தம் எழுப்பிவிட்டு, உடம்பு தூக்கிப்போடுகிறதா, தலை திரும்புகிறதா என்று காத்திருப்பதே அன்றைய சோதனை. அசைவில்லையென்றால் கேட்கவில்லை என்று கணக்கு. கழுத்தே நிற்காத சிசுவிடம் இப்படி விசாரித்துப் பெற்ற தீர்ப்புகள், காதைவிடத் தசையைத்தான் அதிகம் அளந்தன என்பேன்.

பிறந்ததுமே பிள்ளைக்குக் கைவந்த வேலை ஒன்று உண்டு: சப்புவது. 1971இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஐமாஸ் குழுவினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் ரப்பர் நிப்பிள். அதோடு அழுத்தம் அளக்கும் கருவி. பலமாகச் சப்பினால் ஒலிபெருக்கியில் ஓர் அசை கேட்கும். வேகம் கூடினால் அடிக்கடி கேட்கும். சில நிமிடங்களில் சலித்துப்போய்ச் சப்பல் தளரும். அப்போது அசையை மாற்றுவார்கள். (‘பம்பரம்’ என்பதில் முதல் பகரத்துக்கும் இரண்டாம் பகரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது, நம் எழுத்து அதைக் காட்டுவதில்லை.) குரல்நாண் அதிரத் தொடங்கும் நேரத்தில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஒரு மாதக் குழந்தைகூட மறுபடி விறுவிறுவென்று சப்பியது. அதே அளவு வித்தியாசம் ஒரே ஒலிவகைக்குள் விழுந்தபோது பொருட்படுத்தவில்லை.

அப்படியானால் மனிதன் பேச்சுக்கென்றே தனிக் காதோடு பிறக்கிறான் என்று பலர் முடிவு கட்டினார்கள். அவசர முடிவு. 1975இல் பட்ரீசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் சின்சில்லா என்னும் கொறிவிலங்கைப் பழக்கிப் பார்த்தார்கள். அதுவும் இதே வகை ஒலிகளை ஏறக்குறைய மனிதர் பிரிக்கும் இடத்திலேயே பிரித்தது. ஆகவே அந்தக் கூர்மை மனிதர்க்கு மட்டும் உரியதல்ல. நம் பிள்ளை வேறுபடுவது, கேட்டுக்கேட்டு அந்தக் காதை வீட்டு மொழிக்குப் பழக்கிக்கொள்வதில்.

1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இதைக் காட்டினார்கள். ஒலி மாறியதும் தலையைத் திருப்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். (கழுத்து நின்ற வயதில் பிரையரின் பழைய வழியே உதவிக்கு வந்துவிட்டது.) ஆங்கிலம் கேட்டு வளரும் 6 முதல் 8 மாதப் பிள்ளைகள் இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் சுலபமாகப் பிரித்தன, 10 மாதம் தாண்டியவற்றில் மிகச் சிலவற்றுக்கே அது முடிந்தது. இந்தி கேட்டு வளர்ந்தவை தடுமாறவில்லை. இதைக் காதின் இழப்பு என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஆனால் 1988இல் கேத்தரின் பெஸ்ட் குழுவினர் ஜூலு மொழியின் நாச்சொடுக்கு ஒலிகளைக் கொடுத்தபோது, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும்கூட வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். சொந்த மொழியின் எந்த ஒலியோடும் ஒட்டாத ஒலி தப்பிவிடுகிறது, ஒட்டுவதே கரைகிறது. செவி மழுங்கியிருந்தால் இப்படி நடக்காது.

இசையில் சான்று இன்னும் தெளிவு. 2005இல் எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹபும் பால்கன் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். நம் மிஸ்ர சாபுபோல் சமமற்ற துண்டுகளாக நடக்கும் தாளம். அதில் வேண்டுமென்றே செய்த பிசகை வட அமெரிக்காவின் 6 மாதப் பிள்ளைகள் உணர்ந்தன. 12 மாதப் பிள்ளைகள் உணரவில்லை. அவ்வகை இசையை இரண்டு வாரம் வீட்டில் கேட்கவைத்தபோது 12 மாதப் பிள்ளைகளும் பிசகைப் பிடித்தன. அதேபோல் கேட்டுப் பழகிய பெரியவர்களுக்கு அது வாய்க்கவில்லை.