குளத்துப் பஞ்சு செடியா, விலங்கா?

ஆய்க்குடியில் கோடை முற்றினால் குளத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கி, அனுமன் நதியில் நீர் வந்து குளம் பெருகிய சில வாரங்களுக்குள் பாசியும் நத்தையும் சிறு பூச்சிகளும் தோன்றிவிடும். எங்கிருந்து வந்தன? சிறுவயதில் இதற்கு விடை சொல்வார் எனக்கில்லை. இயற்பியல் ஆசிரியனான பின்னர், ஒரு பழைய வழக்கைப் பற்றிப் படித்தபோது விடையின் ஒரு பகுதி கிடைத்தது.

பஞ்சுயிரி செடியா, விலங்கா என்பதே அவ்வழக்கு. அது இடம்விட்டு நகராது, வாயில்லை, நரம்பில்லை. நன்னீரில் வாழ்வனவற்றுள் சில பச்சை நிறம் வேறு! லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் அதைப் பாசிகளோடு சேர்த்தார்; பிறகு அவரே விலங்குகளின் பக்கம் மாற்றினார். 1825இல் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராண்ட், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்திலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் துளையொன்றிலிருந்து நீர் ஓயாது பீறிட்டது. ஆனால் நீரைத் தள்ளுவது எது என்பது அவருக்குப் புலப்படவில்லை.

அடுத்த காட்சி நம் நாட்டில் நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஹென்றி ஜான் கார்ட்டர், 1840களில் பம்பாய்க் குளங்களின் பஞ்சுயிரிகளை ஆராயத் தொடங்கினார். 1848இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘விலங்குத்தன்மை’ என்னும் சொல் இடம்பெற்றது. இளம் பஞ்சுயிரிக்குக் கார்மைன் என்னும் செந்நிறப் பொடியை நீரில் கலந்து ஊட்டிப் பார்த்தார். பொடி நுண்துளைகள் வழியே புகுந்தது. உள்ளேயுள்ள உருண்டை அறைகளின் செல்கள் அதை விழுங்கின. எஞ்சியது பெரிய துளை வழியே வெளியேறியது. 1857இல் இதை வெளியிட்டார். உண்பதும் கழிப்பதும் கண்ணெதிரே நடக்கும்போது செடி என்று எப்படிச் சொல்வது? பச்சை நிறமோ, உடலுக்குள் குடியிருக்கும் பாசிகளுடையது.

அந்த அறைகளின் செல்கள் சாட்டை போன்ற இழைகளைச் சுழற்றியே நீரை இழுக்கின்றன. இங்கே என் பாடமும் நுழைகிறது. உள்ளறைகளின் மொத்தக் குறுக்குப்பரப்பு மிகப் பெரிது. ஆகவே அங்கே நீர் மெல்ல நகர்கிறது, இரையைப் பிடிக்க அவகாசம் உண்டு. வெளிவாய் குறுகியது, ஆகவே நீர் விரைந்து தொலைவில் போய் விழுகிறது, கழிவுநீர் மீண்டும் உள்ளே வருவதில்லை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் குறுக்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இனிக் கோடைக்கு வருவோம். குளம் வற்றுமுன் நன்னீர்ப் பஞ்சுயிரி, விதை போன்ற சிறு உருண்டைகளை உண்டாக்குகிறது. இவை ஜெம்மியூல்கள். உறுதியான உறை, அதில் மணலில் உள்ள அதே சிலிக்காவாலான ஊசிகள் பதிந்திருக்கும். உள்ளே உணவு நிறைந்த செல்கள் உறங்கும். நீர் வந்ததும் உறையின் சிறு வாயில் வழியே அவை வெளியேறிப் புதிய பஞ்சுயிரியாகப் படர்கின்றன. இந்த உருண்டைகளை நீரிலிட்டு முளைக்க வைத்தே கார்ட்டர் தமக்கு வேண்டிய இளம் உயிர்களைப் பெற்றார். வற்றும் குளம் அவருக்கு இடையூறாகவில்லை, உதவியே செய்தது.

இங்கிலாந்து திரும்பிய பின்னும் அவர் இப்பணியை விடவில்லை. நம் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மாதிரிகளைப் பற்றி 1880இல் எழுதினார். இந்தியக் குளங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு நன்னீர்ப் பஞ்சுயிரியின் பெயர் யூனேபியஸ் கார்ட்டெரி.

சித்திரையில் நீர் இறங்கும்போது குளத்துக் கற்களின் அடிப்புறத்தையும் மூழ்கிக் கிடந்த குச்சிகளையும் புரட்டிப் பாருங்கள். காய்ந்த பஞ்சுப் பொருக்கும், அதனுள் கடுகினும் சிறிய மஞ்சள் மணிகளும் தென்பட்டால், கண்ணாடிக் குவளையில் குளத்து நீர் ஊற்றி அதில் இட்டு வையுங்கள். வெறுங்கையால் தேய்க்க வேண்டாம், ஊசிகள் அரிக்கும்.