வாவிக்கரை வீடுகளும் வெப்பமும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியோர் கோட்டையையும் கோயில்களையும் சிற்றரசர்களையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். உழவரும் மீனவரும் குடியிருந்த வீடுகளைப் பற்றி எழுதியது குறைவு. ஆயினும் வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அவ்வீடுகள் ஓர் அறிவைப் பொதிந்து வைத்திருந்தன.

இப்பகுதியின் காற்று ஈரம் மிக்கது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்றோட்டம் இருந்தால்தான் உடல் குளிரும். இதனை நூல் கல்லாத மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெயிலைத் தடுக்கும் கிடுகுக் கூரை, சுவருக்கு நிழல் தரும் தாழ்வாரம், காற்று உலவும் திண்ணை, முற்றத்து மரம் ஆகியவற்றால் வீட்டைக் குளிர்வித்தனர். வசதி படைத்தோரின் ஓட்டு வீடுகளும் உயர்ந்த கூரையாலும் அகன்ற விறாந்தையாலும் இதே நெறியைப் பின்பற்றின.

ஆனால் பழமையைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. கிடுகு தீக்கு இரையாகும். அடிக்கடி வேயவும் வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி அதன் வலுவின்மையைக் கொடூரமாக உணர்த்தியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கூரைகளோடு, கிடுகு தந்த தென்னந்தோப்புகளும் சாய்ந்தன. பின்னர் போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் வீடுகளை மீண்டும் அழித்தன. விரைவாகக் கிடைத்த தகரமும் அஸ்பெஸ்டஸ் தகடும் கூரையேறின.

மழையைத் தடுத்த அக்கூரையே பகலில் அடுப்பாயிற்று. மெல்லிய தகடு வெயிலின் வெப்பத்தை வாங்கி உள்ளிருப்போர் மீது வீசுகின்றது. மின்விசிறி அவ்வெப்பக் காற்றையே சுழற்றுகின்றது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது, அச்சுமை யார் தோளில் விழுந்தது? குளிரூட்டி வைத்திருப்பவரைவிட, ஒற்றை விசிறியை நம்பிய உழைப்பாளியின் வயிற்றிலேயே அது அடித்தது.

வழியில்லையா? உண்டு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது தகரத்தின் வெளிப்புறம் வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். கூரைக்குக் கீழே உட்கூரை அமைத்து, இடைவெளியில் காற்றோட விட்டால் வெப்பம் இறங்குவது குறையும். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரமும், மேற்கு வெயிலுக்கு மரநிழலும் வேண்டும். கூரையை மரச்சட்டங்களோடு இறுகப் பிணைத்தால் சூறாவளிக்கும் காப்பாகும். அஸ்பெஸ்டஸை உடைப்பதும் அறுப்பதும் ஆகாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

இவை மாளிகைச் செலவுகள் அல்ல. எனினும் நாட்கூலியை நம்பி வாழ்வோர்க்கு இதுவும் பெருந்தொகையே. ஆகவே வீடமைப்புத் திட்டம் எதுவாயினும், சுவரையும் கூரையையும் எண்ணிக் கணக்கு முடிப்பதோடு நின்றுவிடலாகாது. அவ்வீட்டில் நண்பகலில் ஒரு குழந்தை உறங்க முடியுமா, ஒரு மாணவி படிக்க முடியுமா என்றும் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பது அங்கே வாழும் மக்களின் உரிமை.