தமிழக வறள்நிலப் புதர்களின் வறட்சித் தாங்கும் முறைகள்

ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் முட்புதர்க் காடுகளிலும் கொங்கு நாட்டின் கொரங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களிலும் தாமாக வளரும் புதர்களுக்கு முதன்மை நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. எஞ்சிய மாதங்களை ஒவ்வொரு செடியும் தனக்கென ஒரு வழியில் கடக்கிறது. எந்த வழியானாலும் அதற்கு விலை மந்தமான வளர்ச்சி.

மண் காயக் காய, வேரிலிருந்து இலைவரை தொடரும் நீரின் இழுவிசை கூடுகிறது. ஒரு கட்டத்தில் தண்டின் நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்து ஓட்டம் அறுந்தால் அந்தக் கிளை பட்டுப்போகும். குறுகிய, தடித்த சுவருள்ள குழாய்கள் இதைத் தள்ளிப்போடுகின்றன. ஆனால் அவற்றில் நீர் மெதுவாகத்தான் ஏறும். வறள்காட்டு விறகு கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முள்கிளுவை கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். பார்ப்பவர் பட்டுப்போனதாக நினைக்கலாம். பட்டையில் பச்சையம் இருப்பதால் உணவு தயாரிப்பு சிறிதளவு தொடரும். விராலி இலையை உதிர்ப்பதில்லை. அதன் இலைமேல் படியும் பிசின் நீரிழப்பைக் குறைக்கிறது. தொட்டால் ஒட்டுவதும் வெயிலில் மினுங்குவதும் அதனால்தான். ஆவாரையின் சிற்றிலைகள் சிறியவை என்பதால், அதிக நீரை ஆவியாக்காமலே காற்றில் வெப்பத்தை இழந்துவிடும்.

சதுரக்கள்ளியின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. பெயரளவுக்கு வரும் இலைகளும் விரைவில் உதிர, பச்சைத் தண்டே உணவு சமைக்கிறது. அதன் துளைகள் வெப்பம் தணிந்த இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். அது மாலிக் அமிலமாகச் சேமிக்கப்பட்டு, பகலில் துளைகள் மூடிய நிலையில் பயன்படும். ஆகவே தண்டுச் சாற்றின் புளிப்பு விடியற்காலையில் மிகுந்து மாலையில் குறையும். சுவைத்துச் சோதிக்கக் கூடாது. கள்ளிப்பால் நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வையே கெடும்.

மேய்ச்சலில் இழந்த இலையை மீண்டும் வளர்க்க நீர் வேண்டும் என்பதால், இலையைக் காப்பதும் நீரைச் சேமிப்பதே. முள், பால், துவர்ப்பு ஆகியவை ஆடுமாடுகளிடமிருந்து இலையைக் காக்கின்றன. தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டது இந்தத் துவர்ப்புப் பொருளுக்காகவே.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் இவற்றோடு சேராது. நிலத்தடி நீரை எட்டும் ஆழ்வேர் இருப்பதால் அது வறட்சியைத் தாங்குவதைவிட அதிலிருந்து தப்பிக்கிறது என்பதே சரி.

இத்தனை ஏற்பாடுகளும் வளர்ந்த செடிக்குத்தான். நாற்றுப் பருவத்தில், மேல்மண் காய்வதற்குள் வேர் கீழிறங்கியாக வேண்டும். மழை சீக்கிரம் நின்றுபோகும் ஆண்டுகளில் பெரும்பாலான நாற்றுகள் மடிந்துவிடும். இதனால் கொரங்காட்டு உயிர்வேலிக்கு விதையை நம்பாமல் கிளுவைப் போத்துகளை வெட்டி நடுவதே வழக்கம்.