1936: பூவை அளந்தவர்களும் நம்மை அளந்தவர்களும்

நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது கல்லூரிகளில் மெஷின் லேர்னிங் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது லேப்டாப்பைத் திறந்து காட்டுவார்கள். யார் காட்டினாலும் தொடக்கப் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஐரிஸ் பூ. 3 வகைப் பூக்கள், வகைக்கு 50 வீதம் 150. ஒவ்வொன்றுக்கும் புல்லி இதழ், அல்லி இதழ் இவற்றின் நீளம், அகலம் என 4 அளவுகள். அளவைக் கொடுத்தால் எந்த வகைப் பூ என்று கணினி சொல்ல வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பூக்களை அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். அவற்றை வைத்து வகைபிரிக்கும் கணக்கை எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். ஆண்டு 1936. வெளியிட்ட இதழின் பெயர் 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. 'உயர்ந்த' பிறப்புள்ளவர்கள் பெருக வேண்டும், 'தாழ்ந்த' பிறப்புள்ளவர்கள் குறைய வேண்டும் என்ற கொள்கைதான் யூஜெனிக்ஸ். 1883இல் அந்தச் சொல்லை உருவாக்கியவர் பிரான்சிஸ் கால்டன். இன்று புள்ளியியல் வகுப்பில் படிக்கும் ரிக்ரெஷனும் கோரிலேஷனும் அவர் தொடங்கி வைத்தவை. அவர் விட்டுச்சென்ற பணத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் யூஜெனிக்ஸ் பேராசிரியர் பதவி வந்தது. 1911இல் அதில் முதலில் அமர்ந்தவர் கார்ல் பியர்சன். 1933இல் அவருக்கு அடுத்து வந்தவர்தான் ஃபிஷர். கால்டன், பியர்சன் பெயர்களைத் தன் கட்டடங்களிலிருந்து அந்தக் கல்லூரி நீக்கியது 2020இல்தான்.

பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. அந்த ஐரோப்பியக் கணக்கு நம் சாதியை வந்து தொட்ட இடம், மூக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து ஓர் எண்ணை வைத்துக்கொண்டார். மூக்கு அகலமாக ஆக, சாதியின் அந்தஸ்து குறையும் என்று விதியே எழுதினார்.

பிறகு கல்கத்தா. கேம்பிரிட்ஜில் படித்த மகலனோபிஸ், பியர்சன் நடத்திய 'பயோமெட்ரிகா' இதழ்களோடு 1915இல் திரும்பி வந்தார். அவருடைய முதல் புள்ளியியல் கட்டுரை, கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களுடைய உடல் அளவுகள் பற்றியது. அடுத்து வங்கத்துச் சாதிகளை ஒப்பிட்டார். ரிஸ்லியின் எண்களில் இருந்த பிழைகளையும் அவர் திருத்தினார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். உயரமானவருக்கு உட்கார்ந்த உயரமும் கூடத்தான் இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒரே வித்தியாசத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். இதைச் சரிசெய்து இரு கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்வதுதான் 'மகலனோபிஸ் தூரம்'. அதை அவர் வெளியிட்ட ஆண்டும் 1936.

1948இல் சி.ஆர். ராவ் இந்த முறையைப் பல கூட்டங்களுக்கு விரித்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஐக்கிய மாகாணத்தில் எடுத்த அளவுகள்: பிராமணர், கைவினைச் சாதியினர், கோர்வா பழங்குடியினர். உயரம், உட்கார்ந்த உயரம், மூக்கின் ஆழம், மூக்கின் உயரம். இந்த நான்கையும் கொடுத்தால் ஆள் எந்தக் கூட்டம் என்று கணக்கு சொல்லும். 1958இல் டி.டபிள்யூ. ஆண்டர்சன் எழுதிய புகழ்பெற்ற பாடநூல் இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டது. ஐரிஸ் இருந்த இடத்தில் மனிதர்கள் வந்துவிட்டார்கள்.

கணக்கில் தவறில்லை. ஆனால் கணக்கு தொடங்கும்போதே லேபிள் தயாராக இருக்கிறது. அதை ஒட்டியது யார் என்று அது கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வயிறாரச் சாப்பிட்டவர் உயரமாக இருந்தால், அதற்குக் காரணம் ரத்தமா, சோறா? அளவுநாடாவுக்குத் தெரியாது.

அதே 1936இல் இன்னொருவர் எழுதினார். லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் ரத்து செய்த உரையை, அண்ணல் அம்பேத்கர் தாமே 'சாதி ஒழிப்பு' நூலாக அச்சிட்டார். பரம்பரை, யூஜெனிக்ஸ் என்று சொல்லிச் சாதியைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம். சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம். சாதி என்பது இனப் பிரிவினை அல்ல என்று வாதிட்டார். ராவின் கட்டுரை வந்த அதே 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மூக்களவு அட்டவணைகளையே கையில் எடுத்தார். அவை கோவிந்த் சதாசிவ் குர்யேயின் நூலில் இருந்தவை. மாகாணம் மாகாணமாக வைத்துப் பார்த்தார். உடலளவை நம்பத்தக்க அறிவியல் என்றால், பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் அது காட்டுகிறது என்றார். அந்த 'என்றால்' முக்கியம். அளவையை அவர் கும்பிடவும் இல்லை, கண்டு ஒதுங்கவும் இல்லை. அதே எண்களிடம் வேறு கேள்வி கேட்டார்.

தோழர்களே, நிகழ்தகவும் மெஷின் லேர்னிங்கும் அவர்கள் படிப்பு என்று நாம் ஒதுங்க முடியாது. நாளைக்குக் கடன் யாருக்கு, வேலை யாருக்கு என்று சொல்லும் மாடல், நேற்றுவரை மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. சாதி என்ற பத்தியை நீக்கினாலும் தெருவும் ஊரும் படித்த பள்ளியும் அதில் இருக்கின்றன. சேரியின் பின்கோடும் ஓர் அளவுதான்.

ஆகவே மேட்ரிக்ஸ் படியுங்கள், நிகழ்தகவு படியுங்கள், மாடல் கட்டுங்கள். கூடவே வகுப்பில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த லேபிளை யார் ஒட்டியது? இந்த அளவை யார், எதற்காக எடுத்தது? வேறு மாதிரிப் பிரித்துப் பார்த்தால் என்ன வரும்?

மூன்றாவது கேள்வியைப் பாபாசாகேப் 1948இலேயே கேட்டுவிட்டார். அந்த வேலையைத் தொடர வேண்டியவர்கள் நாம்.

ஜெய்பீம்.