ஒரு கப்பலும் இரு சமோவாக்களும்



1918 என்றதும் முதல் உலகப் போர் முடிவுற்றதையே நம் மாணவர்கள் நினைவுகூர்வர். அவ்வாண்டில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பது குறைவே. அதனைச் சொல்லிக்கொடுக்கப் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் கருத்து.

அக்காலத்தில் சமோவா இரண்டாகப் பிரிந்திருந்தது. மேற்குப் பகுதியை நியூசிலாந்தும் கிழக்குப் பகுதியை அமெரிக்கக் கடற்படையும் ஆண்டன. இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடல். இருபுறமும் ஒரே மக்கள், ஒரே மொழி.

1918 நவம்பர் 7ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. வழியில் ஃபிஜியில் அக்கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தனர். அப்பியாவிலோ நோயுற்றோரும் தடையின்றிக் கரையிறங்கினர். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்! வீடு முழுவதும் படுத்துக்கிடக்க, சமைத்துக் கொடுக்கவும் தோட்டத்தில் கிழங்கு பறித்து வரவும் ஆளில்லை. காய்ச்சலுக்குத் தப்பியோர் சிலர் பசியால் இறந்தனர். குலத்தலைவர்களான மத்தாய்கள் பலரும் மறைந்தமையால் ஊர்களின் வழிவழி அறிவும் அவர்களோடு போயிற்று.

கிழக்கில் ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கு மருந்தேதும் இருந்ததா? அந்நோய்க்கு அன்று எங்குமே மருந்தில்லை. ஆளுநர் ஜான் போயர் கம்பியில்லாத் தந்தி வழியே வந்த செய்திகளைக் கூர்ந்து கவனித்தார். உடனே துறைமுகத்தைக் கட்டுப்படுத்தினார். அப்பியாவிலிருந்து வந்த அஞ்சற்படகுக்கும் விலக்களிக்கவில்லை. ஆயினும் ஆணை மட்டும் போதுமா? கடற்கரை நீண்டது, படகுகளோ பல. ஊர்மக்களே முறைவைத்துக் கரையைக் காத்து, வந்த படகுகளைத் திருப்பியனுப்பினர். எனக்குப் போயரைவிட அவர்களே பெரியவர்களாகத் தோன்றுகின்றனர்.

மேற்குச் சமோவாவின் நிர்வாகி ராபர்ட் லோகன் அமெரிக்கர் அளிக்க முன்வந்த மருத்துவ உதவியை ஏற்கவில்லை. அவர்களுடனான தந்தித் தொடர்பையும் துண்டித்தார். அந்தக் கசப்பு நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த ‘மாவு’ இயக்கத்துக்கு வலுவூட்டியது. 1962இல் நாடு விடுதலை பெற்றது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவுக்கே சென்று மன்னிப்புக் கோரினார்.

2020 மார்ச்சில் கோவிட் பரவத் தொடங்கியபோது சமோவா தன் எல்லைகளை விரைந்து மூடியது. ஊருக்குள் நோய் பரவியது 2022 மார்ச்சில்தான். அதற்குள் அங்குள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தனர்.