2,280 விவசாயிகளும் ஒரு கம்பும்

இன்னைக்கு எபிசோடு ஒரு ஆயுதத்தைப் பத்தி. பேரு 'பெசன்ட் ரெயில்கன்'. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்க நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தேவையானது வரிசையா நிக்கிற 2,280 விவசாயிகள், ஒரு கம்பு. அவ்ளோதான்.

இதோட வேர் 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு. ஆரம்பகால பதிப்பில் சண்டையின் ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம். இதுல 6 நொடி. எத்தனை பேர் சண்டையில இருந்தாலும் அதே 6 நொடிதான். கூடவே 'ரெடி'ன்னு ஒரு விதி. "பக்கத்து ஆள் கம்பை நீட்டினா வாங்கி அடுத்தவர்கிட்ட குடுப்பேன்"னு முன்னாடியே சொல்லி வச்சுக்கலாம்.

2,280 பேரும் அப்படிச் சொன்னா? ஆளுக்கு 5 அடி இடம், மொத்தம் 11,400 அடி. கம்பு கிட்டத்தட்ட மூன்றரை கிலோமீட்டரை 6 நொடியில கடக்குது. ஒலியை விட வேகம். டிராகன் காலி!

நான் காலேஜ்ல ஆடினது ஐந்தாம் பதிப்பு. அதுலயும் அந்த 6 நொடி அப்படியே இருந்துச்சு. கேம் நடத்தின நண்பன்கிட்ட ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாதாடினேன். நோட்டுல கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். "அப்ப நீயே நடத்துடா"ன்னு புத்தகத்தை மூடிட்டான். எங்க கேம் அதோட நின்னுபோச்சு.

என் வாதத்துல இருந்த பக் வேலைக்குச் சேர்ந்தப்புறம்தான் உறைச்சுது. கம்பை நகர்த்த விதிப்புத்தகம், அடிக்கிறப்ப மட்டும் இயற்பியல். ரெண்டையும் கலந்துட்டேன். விதிப்படி மட்டும் போனா கடைசி ஆள் எறியிறது சாதாரணக் கம்பு, வேகத்துக்குன்னு தனி டேமேஜ் கிடையாது. இயற்பியல்படி மட்டும் போனா 6 நொடியில அது பத்துப் பேரைத் தாண்டினாலே பெருசு.

இதைவிட நேர்மையான ஓட்டை 'ஒரு மூட்டை எலி'. சுத்தி நிக்கிற எல்லாரையும் ஒரு தடவை அடிக்க ஒரு திறன். ஒருத்தரை வீழ்த்தினா இன்னொருத்தர் மேல கூடுதல் அடி தர்ற இன்னொரு திறன். ரெண்டையும் வச்சுக்கிட்டு, டிராகன் பக்கத்துல எலிகளைக் கொட்டிக் கொன்னா, அத்தனை கூடுதல் அடியும் டிராகனுக்கு! இது சுத்தமா விதிக்குள்ளேயே நடக்குது. அதனாலதான் 2003-ல் வந்த 3.5 பதிப்பில் ஒரு வரி சேர்த்து அடைச்சாங்க.

ரெயில்கன்னுக்கு 2024 வரை ஆச்சு. அந்த வருஷம் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடுல, விதிகள் இயற்பியல் இல்லைன்னு சொல்லி, வரிசையா ஆட்களை நிறுத்தி ஈட்டி கடத்துற இதே உதாரணத்தைப் போட்டிருக்காங்க.

அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். "சனிக்கிழமை வா. நான்தான் நடத்துவேன்"னு பதில் வந்துச்சு.