உடம்பை அளந்து செய்த படகு

நல்ல தையற்காரர் துணியில் கத்தரி வைப்பதற்கு முன் அளவுநாடாவை எடுப்பார். கிரீன்லாந்தில் படகு செய்தவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். அவர்களிடம் நாடா கிடையாது. படகில் உட்காரப் போகிறவனின் உடம்புதான் நாடா. இரண்டு கைகளையும் அகல விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவு வருமோ, அதைப்போல் மூன்று பங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் படகின் அகலம். முட்டியும் நீட்டிய கட்டைவிரலும் சேர்ந்தால் ஆழம். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அளப்பது உடம்பைத்தான் என்பது மாறாது. அண்ணனுக்குச் செய்த படகு தம்பிக்குச் சரிவராது.

அந்தப் படகின் பெயர் கயாக். வடதுருவக் கடலோரத்தில் வாழும் இனுயிட் மக்கள் தந்த சொல். இன்று அதே பெயரில், கண்ணைப் பறிக்கும் நிறங்களில், தூண்டில் கோல் செருகத் துளையும் சாய்ந்து உட்கார நாற்காலியுமாக மீன்பிடிக் கயாக்குகள் கடைகளில் அடுக்கி வைத்து விற்கப்படுகின்றன. வாங்கப் போகிறவர் திகைத்து நிற்கிறார். நீளமானதா, அகலமானதா? துடுப்பா, பெடலா? உள்ளே உட்காருவதா, மேலே உட்காருவதா? விலைச்சீட்டு இதற்கெல்லாம் பதில் சொல்லாது. இந்தப் படகு எங்கே பிறந்து, யார் யார் கைக்குப் போய், எப்படி மாறிக் கடைக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மரமே இல்லாத ஊரில்

கயாக் பிறந்த நாட்டில் படகு செய்ய மரம் வளராது. சைபீரியாவின் ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் மரங்கள் கடலில் விழுந்து, பனிக்கட்டியில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் நகர்ந்து கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அதைப் பொறுக்கிச் சீவித்தான் படகின் எலும்புக்கூட்டைக் கட்டினார்கள். மரம் போதாத இடத்தில் திமிங்கில எலும்பும் மான் கொம்பும் கைகொடுத்தன. விலா எலும்புபோல் வளைந்த சட்டங்களை ஆணி அடித்து இறுக்காமல் தோல் வாரால் கட்டினார்கள். அலை தூக்கிப் போடும்போது படகு உடையாமல் வளைந்து கொடுத்தது அதனால்தான்.

கூட்டின் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தது பெண்களின் வேலை. ஊசி தோலின் முழுக் கனத்தையும் துளைத்து மறுபக்கம் வரக் கூடாது. பாதிக் கனத்தில் நுழைந்து பாதியிலேயே திரும்ப வேண்டும். ஒரு தையலுக்கு மேல் இன்னொரு தையல் போட்டு, கொழுப்பைத் தேய்த்து மூடுவார்கள். கணவன் கரைக்குத் திரும்புவது அந்தத் தையலின் கையில் இருந்தது.

இப்படி உருவான படகு ஐந்து மீட்டருக்குக் குறையாத நீளம் இருக்கும். அகலமோ அரை மீட்டர்தான். ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லும் எடை. வேட்டைக்காரன் போட்டுக்கொள்ளும் தோல் சட்டையின் கீழ்விளிம்பை, அவன் உட்காரும் துளையின் வளையத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. படகு கவிழ்ந்தால் துடுப்பை வீசி, இடுப்பைச் சுழற்றி, தலைகீழாக இருந்தவன் நிமிர்ந்துவிடுவான். உறையும் குளிர்நீரில் வெளியே விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் செயலிழக்கும். ஆகவே படகைவிட்டு வெளியே வராமல் இருப்பதே உயிர் பிழைக்கும் வழி. கயாக்கின் குறுகலான உடல், மூடிய மேல்தளம், இறுக்கமான இருக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் குளிர்தான்.

முதல் தூண்டில்

கடல்நாய் வேட்டைதான் கயாக்கின் முதல் தொழில் என்றாலும் தூண்டிலும் அதற்குப் புதிதல்ல. அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அலூஷியன் தீவுகளில், கடற்சிங்கத்தின் தோல் போர்த்திய இதே வகைப் படகில் போய் ஹாலிபட் மீன் பிடித்தார்கள். மரத்திலும் எலும்பிலும் செய்த கொக்கி. நீளமான கடற்பாசித் தண்டைக் காயவைத்துத் திரித்த கயிறு. ஹாலிபட் தட்டையான மீன், ஆனால் மனிதனைவிடக் கனமாக வளரக்கூடியது. அரை மீட்டர் அகலப் படகின் பக்கத்தில் அப்படியொரு மீன் துள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தடியால் அடித்து அடக்கிய பிறகே அதைப் படகோடு சேர்ப்பார்கள். பெரிய மீன், சின்னப் படகு என்ற அந்தப் பழைய சிக்கல் இன்றைய மீன்பிடிக் கயாக்கிலும் அப்படியே இருக்கிறது.

1741-இல் மாலுமி விட்டஸ் பேரிங்கின் ரஷ்யக் கப்பற்பயணம் அலாஸ்காக் கரையைத் தொட்டது. அதில் உயிர் தப்பித் திரும்பியவர்கள் கடல் நீர்நாயின் தோல்களைக் கொண்டுவந்தார்கள். அதன் விலையைப் பார்த்த ரஷ்ய வணிகர்கள் தீவுகளை நோக்கிப் படையெடுத்தார்கள். நீர்நாயைத் துரத்திப் பிடிக்க அவர்களுக்குத் தெரியாது; அந்தத் தீவுகளில் வாழ்ந்த அலூட் ஆண்களுக்குத் தெரியும். பெண்களையும் பிள்ளைகளையும் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்களை வேட்டைக்கு விரட்டினார்கள். ரஷ்யர் அந்தப் படகைப் பைதார்கா என்று அழைத்தார்கள். இருவர் உட்காரும் படகில் நடுவே மூன்றாவதாக ஒரு துளை வந்தது. துடுப்புப் போடாமல் உட்கார்ந்து வரும் எசமானுக்கான இடம் அது. ஒருவனின் உடம்பை அளந்து செய்த படகில், அளவுக்கு வெளியே இருந்து ஒருவன் ஏறிக்கொண்டான்.

தையற்காரரின் கடையில்

19-ஆம் நூற்றாண்டில் கயாக்கின் சாயல் ஐரோப்பாவின் ஆறுகளில் தெரியத் தொடங்கியது. ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் 1865-இல் ‘ராப் ராய்’ என்ற படகைச் செய்வித்தார். ஓக் மரம், மூடிய மேல்தளம், இருபக்கமும் அலகுள்ள துடுப்பு. அதில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. உணவுக்காக இருந்த படகு பொழுதுபோக்கானது அப்போதுதான்.

ஆனால் மரப்படகை வீட்டில் எங்கே வைப்பது, ரயிலில் எப்படி ஏற்றுவது? மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் ஹொய்ரிஷ் 1905-இல் இதற்கு வழி கண்டார். மரச்சட்டங்களைக் கழற்றிப் பையில் போடலாம். மேலே போர்த்திய துணியைச் சுருட்டலாம். இனுயிட் படகின் எலும்பும் தோலும் என்ற அதே கட்டமைப்பு. அந்த உரிமையை 1907-இல் வாங்கியவர் ரோசன்ஹைம் ஊரைச் சேர்ந்த யோஹான் கிளெப்பர். அவர் தொழில் தையல். ஊசி பிடித்த பெண்களிடமிருந்து கிளம்பிய படகு, கடல் கடந்து மறுபடி ஒரு தையற்காரரிடமே போய்ச் சேர்ந்தது.

அந்த மடிப்புப் படகு சாதாரணமானதல்ல. 1956-இல் ஹன்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மன் மருத்துவர் கிளெப்பர் படகு ஒன்றில் தனியாகக் கேனரித் தீவிலிருந்து கிளம்பி 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார். வழியில் பிடித்த மீன் அவருடைய உணவில் ஒரு பங்கு. படகு ஐந்தரை மீட்டர்கூட இல்லை.

அச்சில் வார்த்த உடம்பு

பிறகு வந்தது ஃபைபர். 1970-களில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இன்றைய மீன்பிடிக் கயாக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. செய்முறை எளிது. உள்ளே குடைவான உலோக அச்சில் பிளாஸ்டிக் தூளைப் போட்டு மூடி, அடுப்பில் வைத்து எல்லாப் பக்கமும் சுழற்றுகிறார்கள். தூள் உருகி அச்சின் சுவரில் தோசைக்கல்லில் மாவு படிவதுபோல் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய பிறகு அச்சைத் திறந்தால் முழுப்படகு. தையல் இல்லை, ஒட்டு இல்லை. பாறையில் இடித்தால் உடையாமல் நசுங்கிக் கொடுக்கும்.

ஆனால் அச்சு விலை உயர்ந்தது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்தடி உயரக்காரரும் ஆறடி உயரக்காரரும் அதே படகில்தான் உட்கார வேண்டும். ஆளுக்கு அளந்த சட்டை போய் ஆயத்தச் சட்டை வந்த அதே கதை.

அதே காலத்தில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் முக்குளித்துப் பழகிய டிம் நீமியர் என்ற இளைஞர், மூழ்கும் கருவிகளை ஏற்றிச்செல்ல அலைச்சறுக்குப் பலகை மாதிரியான ஒரு படகைச் செய்தார். உள்ளே உட்காராமல் மேலே உட்காரும் கயாக் அதிலிருந்து வளர்ந்தது. அடியும் மேல்தளமும் மூடிய வெற்றுக்கூடு. தளத்திலிருந்து அடிவரை ஊடுருவும் துளைகள். அலை மேலே விழுந்தால் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்; உள்ளே தேங்கிய நீரை இறைக்கும் வேலை கிடையாது.

தமிழ்க் கடற்கரைக்காரர் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார். நம் கட்டுமரம் காலங்காலமாகச் செய்தது இதைத்தானே? இலேசான மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டி மேலே உட்கார்ந்து போவார்கள். அலை ஏறி வந்தால் இடுக்கு வழியே தண்ணீர் போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயப்போடுவார்கள். கயாக் தண்ணீரை உள்ளே விடாத படகு. கட்டுமரம் தண்ணீரை வரவிட்டுப் போகவிடும் படகு. குளிர்கடலுக்கு முதலாவது பொருந்தியது, வெப்பக்கடலுக்கு இரண்டாவது. இன்றைய மீன்பிடிக் கயாக் பெயரால் கயாக், குணத்தால் கட்டுமரம்.

பெயர்கள் இடம் மாறியதுதான் வேடிக்கை. சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரன் ஆகி, கடைசியில் இரண்டு உடல்களை இணைத்த உல்லாசப் படகுக்கு ஒட்டிக்கொண்டது. கட்டுமரத்தின் குணத்தோடு பிறந்த படகுக்கோ கயாக் என்ற பெயர் கிடைத்தது. நம் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன.

மீண்டும் அளவுக்கு

1997-இல் ஹோபி நிறுவனம் பெடல் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது. அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் பென்குவினின் சிறகுபோல் பக்கவாட்டில் அசைந்து படகைத் தள்ளும். மீன் பிடிக்கிறவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இரண்டு கையும் தூண்டிலுக்கே. ஆனால் எடை கூடும், விலை கூடும். ஆழமில்லாத நீரிலும் பாசி மண்டிய குளத்திலும் சிறகு சிக்கும். அங்கே துடுப்புதான் நல்லது.

இப்போது கடையில் நிற்கிறவர் தன்னைத்தானே அளக்கலாம். முதலில் தண்ணீர். உறையும் குளிர்நீர் என்றால் பழைய கயாக்கைப்போல் உள்ளே உட்காருவதும் அதற்கேற்ற உடுப்பும் காக்கும். வெதுவெதுப்பான கடலுக்கு மேலே உட்காருவதே நிம்மதி. அடுத்தது தூரம். குளத்திலும் கழிமுகத்திலும் சுற்றுவதற்கு மூன்று மீட்டர் போதும். அகலம் 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அமைதியான நீரில் சிலர் எழுந்து நின்றே தூண்டில் வீசுகிறார்கள். கடலில் தொலைவு போகிறவருக்கு நான்கு மீட்டருக்குமேல் நீளமும் சற்றுக் குறைந்த அகலமும் வேண்டும். அகலப் படகு அமைதியான நீரில் அசையாது. ஆனால் மெதுவாக ஊரும், எதிர்க்காற்றில் தோளை வாட்டும். குறுகிய படகு ஏறியதும் ஆடும். பழகிவிட்டால் அலையோடு சேர்ந்து சாய்ந்து நிமிரும். அரை மீட்டர் அகலத்தில் கடல்நாயைத் துரத்தியவர்கள் நம்பியது இந்த இரண்டாவது உறுதியை.

பிறகு எடை. தயாரிப்பாளர் சொல்லும் தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடை, ஐஸ்பெட்டி, மீன், தண்ணீர்ப் புட்டி எல்லாம் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் படகு தாழ்ந்து, வடிகால் துளை வழியே தண்ணீர் மேலே ஏறி இருக்கையை நனைக்கும். இன்னொரு எடையையும் மறந்துவிடாதீர்கள், படகின் சொந்த எடை. முழு வசதியுள்ள மீன்பிடிக் கயாக் 40 கிலோவைத் தாண்டுவது உண்டு. மீன்பிடித்துக் களைத்த மாலையில், மணலில் இழுத்துக் காரின் கூரையில் ஏற்ற ஆள் உண்டா என்று யோசியுங்கள். தனியாகத் தூக்க முடியாத படகு பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும்.

துளையும் நாற்காலியும் கருவி மாட்டும் தண்டவாளமும் பிறகு பொருத்திக்கொள்ளலாம்; நீளத்தையும் அகலத்தையும் மாற்ற முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது தண்ணீரில் இறக்கி உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே முட்டுகிறது, கை தண்ணீரைத் தொடுகிறதா, பக்கவாட்டில் சாய்ந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உயிர்காப்புச் சட்டை அணிந்து, கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, நீங்களாகவே ஏறிப் பழகுங்கள். கடையில் உங்களை அளந்து படகு செய்து தர யாரும் இல்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.